நாற்பது மில்லிகிராம்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் நலம். என் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எண்ணாக எழுது. "பரவாயில்லை" என்று எழுதாதே.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால் சாம்பிள் பெட்டிக்குள் கடிதம் வைத்துக்கொள்வோம் என்று நீ சொன்னது நல்ல யோசனை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

உங்கள் முதல் மூன்று வடிகட்டிகளையும் சோதித்துவிட்டோம். உன் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன். உலோகத் தூளை மெல்லிய படலமாகப் பரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் லேசரால் உருக்கி, மறுபடி பரப்பி, மறுபடி உருக்கி, சில ஆயிரம் அடுக்குகளில் உள்ளங்கை அளவு வடிகட்டி ஒன்று எழும்புகிறது. விமான எஞ்சினின் எண்ணெயில் வரும் துகளைப் பிடிப்பது அதன் வேலை. உருகாத தூள் அதன் நுண்துளைகளுக்குள் தங்கிவிட்டால், துகளைப் பிடிக்க வைத்த பொருளே எஞ்சினுக்குள் துகளைக் கொட்டும். பேரிங் தேயும். ஆகாயத்தில் வண்டியை ஓரம் கட்ட முடியாது. ஆகவே தூள் மிச்சமில்லை என்று யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அந்த யாராவது நான்.

நீ என் தம்பி என்று இரண்டு நிர்வாகங்களுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தச் சோதனைக்குப் பக்கத்தில் வேறு ஆய்வகம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "தம்பின்னு சலுகை காட்டிட மாட்டீங்களே?" என்று எங்கள் இயக்குநர் கேட்டார். வீட்டில் சொன்னேன். உன் அத்தான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

மூன்றிலும் மிச்சத் தூள் பூஜ்யம். சான்றிதழ் பெட்டியிலேயே இருக்கிறது. இருபத்துமூன்று வருட வேலையில் சுத்தமான பூஜ்யத்தை நான் ஐந்து முறைதான் பார்த்திருக்கிறேன். "நான்கு" என்று எழுதி அடித்திருப்பது தெரியும். ஒற்றைக் கோடு, கீழே உள்ள எழுத்து தெரிய வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. ஆய்வகத்தில் நாங்கள் எதையும் அழிப்பதில்லை. அந்தப் பழக்கம் கடிதத்திலும் ஒட்டிக்கொண்டது.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா

•

ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றிரண்டு. எண்ணாகவே எழுதிவிட்டேன், திட்டாதே. வீட்டில் எல்லோரும் சுகம். அத்தை எழுத்தைப் பார்த்துவிட்டுச் சின்னவள், "இதுவும் மெஷின்ல அச்சடிச்சதாப்பா?" என்கிறாள். உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. அத்தானைக் கொடுக்கச் சொல்.

உன் பூஜ்யத்தைப் பார்த்து இங்கே எல்லோர் முகத்திலும் வெளிச்சம். மேலாளர் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான். மகிழ்ச்சி இல்லாத ஒரே ஆள் எங்கள் மூத்த ஆபரேட்டர். மிஞ்சிய தூளைச் சலித்து மறுபடி மெஷினில் போடுவது அவர் பொறுப்பு என்பதால் பெயரே சல்லடை அண்ணன். அச்சிட்டு முடிந்த வடிகட்டிகளை அதிர்வு மேடையில் பூட்டி, திருப்பித் திருப்பி நாற்பது நிமிடம் ஆட்டித் தூளை உதிர்க்கிறோம். அதற்குப் பிறகும் அவர் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து மெல்லச் சாய்த்துப் பார்ப்பார்.

"உள்ள மணல் ஓடற மாதிரி இருக்கு தம்பி. இன்னொரு ரவுண்டு விட்டுருவோம்."

"அண்ணே, ஆய்வகமே ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்திருச்சு."

"ஆய்வகத்துக்குக் காது இருக்கா?"

"எங்க அக்கா இருக்காங்க. உங்க காதைவிட மோசம்."

சிரித்தார். ஆனாலும் இன்னொரு ரவுண்டு விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அடுத்த மூன்று வடிகட்டிகள் இதனுடன் வருகின்றன.

அன்புடன்,
தம்பி

•

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அந்த எண் நல்ல எண் இல்லை. டாக்டரிடம் போ. நாங்கள் சுகமாக இருக்கிறோம். உன் அத்தான் ஒத்தடம் கொடுக்க முன்வந்தார். வெந்நீரின் சூட்டை அளந்துவிட்டுக் கொடுக்கச் சொன்னேன், கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது மூன்றும் பூஜ்யம். சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அளவு என்ன சொல்கிறதோ அதைத்தான் எழுத முடியும். ஆனால் எனக்கு மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒரு தட்டில் பன்னிரண்டு வடிகட்டிகள் அச்சாகின்றன என்றாய். அதில் எனக்கு வரும் மூன்றை யார் எடுக்கிறார்கள்? தட்டின் எந்த இடத்திலிருந்து? உங்கள் சல்லடை அண்ணன் காதில் வைத்துப் பார்ப்பதற்கு முன்பா, பின்பா?

அவருக்குச் சத்தம் கேட்கிறது. எனக்குத் தூள் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே பொருளைப் பற்றியது என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

பதிலை எதிர்பார்க்கும்
அக்கா

•

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே எழுத முடியவில்லை, வேலை கழுத்தை நெரிக்கிறது. டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். மற்றபடி எல்லோரும் நலம். அத்தானுக்குக் கோபம் தணிந்ததா?

நல்ல சேதி சொல்கிறேன். வேலை இப்போது வேகம் பிடித்துவிட்டது. முன்பு நாளுக்கு ஒரு தட்டு, இப்போது இரண்டு. அறுபது வடிகட்டிகள் எஞ்சின்காரர்களுக்குப் போய்விட்டன. ஜூனில் தரையில் வைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆகஸ்டில் இரண்டு விமானிகளோடு மேலே போகிறது. உன் கையெழுத்தும் பறக்கப் போகிறது அக்கா!

சாம்பிள் எடுப்பதெல்லாம் கைக்கு அகப்பட்டதை எடுப்பதுதான். காதில் வைத்துக் கேட்பதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். காகிதத்தில் எழுத முடியாத சோதனையை எவ்வளவு நாள் செய்வது? அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். "உங்க இஷ்டம். நான் சலிக்கிற ஆளு, எனக்கென்ன" என்று டீ இடைவேளையில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

மூன்றாவது மூன்றை அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

தம்பி

•

மார்ச் 12

தம்பிக்கு,

நலம். நீ மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

மூன்று கேள்வி கேட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அதற்குப் பதிலாக வேகத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். லேசர் வேகமாக ஓடாது, அது எனக்குத் தெரியும். அப்படியானால் எந்த வேலையில் நேரம் மிச்சமாயிற்று?

நான் நினைப்பதை எழுதிவிடுகிறேன். உள்ளே வைத்துப் புழுங்கிக்கொண்டு சான்றிதழில் கையெழுத்துப் போட முடியாது. எனக்கு வரும் மூன்றையும் நீ பார்த்துப் பொறுக்கி, தனியாக ஆட்டி, துடைத்து அனுப்புகிறாய். மற்றவை அப்படியே எஞ்சினுக்குப் போகின்றன.

ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தை நீயே போட்டாய். அப்பா கண்டுபிடிக்கவில்லை, நான் கண்டுபிடித்தேன். எப்படி என்று நீ கேட்டதேயில்லை. அது அப்பா போடுவதைவிட நன்றாக இருந்தது. இந்தப் பூஜ்யமும் அப்படித்தான் இருக்கிறது.

இந்த முறை மூன்றையும் சல்லடை அண்ணனே எடுக்கட்டும். இரு முனைகளிலும் மூடி போட்டு, பெட்டியை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். உன் கை பட்டு வரும் எதையும் இனி நான் நம்புவதாக இல்லை.

அக்கா

•

மார்ச் 30

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வீட்டில் அனைவரும் நலம். தங்கள் வீட்டிலும் அவ்வாறே என்று நம்புகிறேன்.

தாங்கள் கேட்டபடி மூன்று வடிகட்டிகள் வருகின்றன. எடுத்தவர், மூடியவர், ஒட்டியவர், கையெழுத்திட்டவர் எல்லாம் எங்கள் மூத்த ஆபரேட்டரே. எண்கள் பெட்டியின் மேல் இருக்கின்றன.

இப்படிக்கு,
தம்பி

•

ஏப்ரல் 13

அன்புள்ள தம்பிக்கு,

நலம். "தாங்கள்" என்று படித்ததும் உன் அத்தான், "யாருக்கு வந்த கடிதம் இது?" என்று உறையைத் திருப்பிப் பார்த்தார்.

ஒட்டுப் பிரியாமல் வந்தது. மூன்றும் பூஜ்யம். சான்றிதழை வைத்திருக்கிறேன்.

இத்துடன் நான் சமாதானமாகிவிட வேண்டும் என்று நீ நினைப்பாய். நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை. சத்தம் கேட்கிறது என்று சொல்லும் மனிதர் தன் கையால் எடுத்த மூன்றிலும் ஒரு துகள்கூட இல்லை. அவரிடம் நீ ஏதாவது பேசினாயா? கேட்பது தவறு என்றால் தவறு என்று எழுது.

சின்னவளுக்குப் பரீட்சை முடிந்ததா?

அக்கா

•

மே 21

அன்புள்ள தம்பிக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதமும் இல்லை, சாம்பிளும் இல்லை. உன் மனைவிக்கு போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கார் அண்ணி, ஆனா சாப்பிடும்போதும் எதையோ கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கார்" என்றாள். உடம்பில் ஏதும் இல்லையே?

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. சும்மா இருக்கிறவனைப் பற்றி நான் என்னென்ன நினைப்பேன் என்று உனக்குத் தெரியும். ஜூனுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.

அக்கா

•

மே 28

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ நலமாக இருக்க வேண்டும்.

நீ கேட்டபடி சீல் வைத்து அனுப்பிய மூன்றில், இரண்டாவது வடிகட்டிக்குள் நாங்கள் தூள் போட்டு அனுப்பினோம். சல்லடை அண்ணன்தான் போட்டார். நான் பக்கத்தில் நின்று தராசைப் பார்த்தேன். நாற்பது மில்லிகிராம். எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளை அவர் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். "உங்க அக்கா நம்மள சோதிக்கிறாங்க. நாம அவங்கள சோதிச்சா தப்பா?" என்றார். தப்பில்லை என்றேன். அப்போது எனக்குக் கோபம்.

உன் சான்றிதழில் இரண்டாவதும் பூஜ்யம்.

அந்தச் சான்றிதழைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நீ எதையும் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறாயோ என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். உன்னைப் பற்றி நான் அப்படி நினைப்பேன் என்று கனவிலும் கண்டதில்லை.

எங்கே போச்சு அக்கா, அந்த நாற்பது?

தம்பி

•

ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் நான் முதலில் சந்தேகப்பட்டது உன்னைத்தான். இது அடுத்த பொய் என்று நினைத்தேன். இரண்டாவதாக என் உதவியாளரைச் சந்தேகப்பட்டேன். பன்னிரண்டு வருடமாக என்னோடு இருப்பவர். சோதனையே செய்யாமல் எண் எழுதுகிறாரோ என்று, ஒன்றும் சொல்லாமல், அவர் மேஜையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மற்ற நாட்களில் அந்த அறைக்கு நான் போவதில்லை. என் வேலை இரண்டாவது அறையில், சாம்பிள் பதிவான பிறகுதான் தொடங்கும்.

முதல் பெட்டியில் வந்த வடிகட்டி ஒன்றை எடுத்து, அதற்குள் நானே தூள் போட்டு மூடிக் கொடுத்தேன். அவர் மூடிகளைக் கழற்றினார். அதிர்வுத் தொட்டியில் இறக்கினார். பத்து நிமிடம் கழுவினார். உலர்த்தினார். அதன் பிறகுதான் எடை, பதிவு, தூள் சோதனை எல்லாம்.

"எதுக்குக் கழுவுறீங்க?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சுவரைக் காட்டினார். "நீங்க எழுதி ஒட்டினதுதானே மேடம்."

உள்ளே வரும் எந்தச் சாம்பிளையும் முதலில் கழுவ வேண்டும். கை எண்ணெய், வழியில் ஒட்டிய அழுக்கு போன பிறகே மற்றவை. முதல் வரி அதுதான். என் கையெழுத்து, என் ஒப்பம். பதினொரு வருடம் ஆகிறது. உடைந்த போல்ட்டுகளுக்கும் விரிசல் விட்ட தகடுகளுக்கும் எழுதியது. அவற்றுக்குச் சரி. உள்ளே தூள் இருக்கிறதா என்று பார்க்க வந்த பொருளையும் தூள் போகக் கழுவிவிட்டு, தூள் இல்லை என்று நான் மூன்று முறை சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். "ஜனவரியில உங்ககிட்ட கேட்டேன் மேடம், இதையும் கழுவணுமான்னு. எல்லாத்தையும்னு சொன்னீங்க." எனக்கு ஞாபகம் இருக்கிறது. தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

தொட்டித் தண்ணீரை வடித்தேன். வடிகுழாயின் வாயில் விரல் கனத்துக்குச் சாம்பல் நிறச் சேறு. உன் நாற்பது அதில்தான் இருக்கிறது. வேறு யாருடையதெல்லாம் இருக்கிறதோ.

மூன்று சான்றிதழ்களையும் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டு நிர்வாகங்களுக்கும், எஞ்சின்காரர்களுக்கும் அன்றே எழுதினேன். எஞ்சின்காரர்கள் அவசரத்துக்கு போனிலேயே பதில் சொன்னார்கள். அறுபதையும் ஏப்ரல் 19-ஆம் தேதியே தனியே எடுத்து வைத்துவிட்டார்களாம். "உங்க தம்பி எழுதிட்டாரே. தூள் எடுக்கிறதுல அவங்க பக்கம் குறைன்னு" என்றார் போனில் பேசிய அம்மாள்.

என் சான்றிதழ் உனக்கு வந்து சேர்ந்தது 18-ஆம் தேதி. தபால் ரசீது இங்கே இருக்கிறது. மறுநாளே நிறுத்தியிருக்கிறாய். அந்தக் கடிதத்தில் என் ஆய்வகத்தின் பெயரே இல்லை. எனக்கு எழுத உனக்கு மேலும் ஐந்தரை வாரம் ஆகியிருக்கிறது.

என்னைக் காப்பாற்ற என்று நீ சொல்லலாம். பாதி நம்புகிறேன். மீதி என்ன?

மார்ச் 12-ஆம் தேதி நான் எழுதிய கடிதத்தைத் திருப்பி அனுப்பு. கிழிப்பதற்கு அல்ல.

உன் உடம்பு எப்படி இருக்கிறது?

அக்கா

•

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தெட்டு. முழங்கால் எப்படி?

மீதியைச் சொல்கிறேன். இரண்டாவது பூஜ்யம் வந்த அன்று, ஆட்டும் நேரத்தை நாற்பது நிமிடத்திலிருந்து பதினைந்தாகக் குறைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானேதான். அக்காவே பூஜ்யம் என்கிறாள், அவளைவிடச் சந்தேகப்படுகிற ஆள் உலகத்தில் யார் இருக்கிறார்கள், பிறகு எதற்கு நாற்பது நிமிடம் என்று நினைத்தேன். வேலைத்தாளில் நாற்பது என்று அச்சடித்திருந்ததை வெள்ளை மை பூசி மறைத்து, பதினைந்து என்று எழுதினேன். நேரம் மிச்சமானது அங்கேதான். உன் கேள்விக்குப் பதில் எழுதாததும் அதனால்தான். நீ சொன்ன மாதிரி நான் பொறுக்கி அனுப்பவில்லை அக்கா. அதைவிட மோசமானதைச் செய்தேன். அதனால் நீ தவறாகக் குற்றம் சாட்டியபோது கத்தவும் முடியவில்லை.

ஏப்ரலில் உனக்கு எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். எழுதினால் உன் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரியும்.

அறுபதும் திரும்பி வந்தன. சல்லடை அண்ணன் ஒரு நாள் முழுக்க மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றையும் காதில் வைத்துப் பதினான்கைத் தனியே எடுத்தார். பிறகு கழுவாமல் சோதித்தோம். பதினேழில் தூள் இருந்தது. அவர் எடுத்த பதினான்கும் அதில் அடக்கம். விட்டுப்போன மூன்றுக்காக, "வயசாயிருச்சு தம்பி, இடது காது மந்தம்" என்று வருத்தப்பட்டார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மேலாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். தரப் பிரிவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது அண்ணனோடு தூள் சலிக்கிறேன். ஆகஸ்டில் எதுவும் பறக்கப் போவதில்லை.

மார்ச் 12 கடிதத்தை அனுப்ப மாட்டேன். எதற்குக் கேட்கிறாய் என்று தெரியும். இங்கே வந்து கோடு போடு. நான் பொறுக்கி அனுப்புகிறேன் என்ற அந்த ஒரு வரியை மட்டும் அடிக்கிறாயா, இல்லை மதிப்பெண் அட்டையையும் சேர்த்து அடித்துவிடுகிறாயா என்று நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அதை அடிக்காதே. அது நிஜம்.

உன்மேல் அங்கே என்ன நடவடிக்கை என்று நீ எழுதவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்காதே.

தம்பி

•

ஜூன் 29

அன்புள்ள தம்பிக்கு,

எண் தேவலை. முழங்கால் அப்படியே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு எந்தச் சான்றிதழிலும் நான் கையெழுத்துப் போடக் கூடாது என்று எழுதித் தந்திருக்கிறார்கள். சரியான தண்டனைதான், நானாக இருந்தால் ஒரு வருடம் கொடுத்திருப்பேன். என் உதவியாளர் இப்போது எனக்கு மேலே கையெழுத்துப் போடுகிறார். போடுவதற்கு முன் இரண்டு தடவை படிக்கிறார். பார்க்க நன்றாக இருக்கிறது.

சுவரில் இருந்த தாளைக் கழற்றவில்லை. முதல் வரியில் கோடு போட்டு, ஒப்பமும் தேதியும் போட்டேன். பழைய வரி கீழே தெரிகிறது.

சனிக்கிழமை காலை வண்டிக்கு நானும் உன் அத்தானும் வருகிறோம். மார்ச் 12 கடிதத்தை மேஜைமேல் எடுத்து வை. ஒரு வரியைத்தான் அடிப்பேன். உன் வேலைத்தாளையும் கேட்டு வாங்கி வா. அந்த வெள்ளை மையைச் சுரண்டி எடுத்தால் அடியில் நாற்பது இருக்கும். பதினைந்தின்மேல் நீ கோடு போடு, ஒற்றைக் கோடாக.

நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா